நின்ற இடத்தில் உதறும் கார்: கார்புரேட்டர் காலத்துக் காதுகள்

போன எபிசோட் முடிவில், அடுத்து உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிப் பேசலாம்னு சொல்லியிருந்தேன். அதுக்காகத்தான் போன மாசம் ஒரு சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து கிளம்பினேன். கல்வெட்டைப் பார்த்தேன். அதைப் பற்றியும் இன்னிக்குப் பேசுவேன். ஆனா இந்த எபிசோடின் பெரும்பகுதி வேற ஒரு விஷயம்: கார் இன்ஜின். நின்ற இடத்தில் சீரா ஓட முடியாத ஒரு இன்ஜின், அதைக் காதால் கேட்டே சரிபண்ணத் தெரிந்த மனிதர்கள், அந்த வித்தை அவங்களுக்கு எங்கிருந்து வந்தது, இப்போ எங்கே போகுது. இதுதான் இன்றைய வரலாறு.

முதல்ல என் காரைப் பற்றிச் சொல்லிடறேன். அப்பா 1997-ல் வாங்கிய மாருதி 800. அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகுது. கார் மட்டும் இருக்கு. ஆறு மாசமா அதுக்கு ஒரு வியாதி. ரோட்டில் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் நின்னா போதும், உடம்பெல்லாம் உதற ஆரம்பிக்கும். கியர் குச்சி ஆடும், கண்ணாடியில் பின்னாடி வர்ற பைக் ரெண்டா தெரியும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சுப் பிடிக்கலைனா ஆஃப் ஆகிடும்.

சென்னையில் ரெண்டு பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதல் இடத்தில் ஸ்பார்க் பிளக் மூணையும் மாத்தினாங்க. நாலு நாள் பரவாயில்லை, அப்புறம் பழைய கதை. ரெண்டாவது இடத்தில் கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, ஏதோ ஸ்க்ரூவைத் திருகி அனுப்பினாங்க. உதறல் குறைஞ்சது, பெட்ரோல் வாடை கூடினது. புகைப் பரிசோதனைக்குப் போனேன், தேறலை. திரும்பப் போய்க் கேட்டதுக்கு, "சார், இதுக்கு ஸ்கேனர் போட முடியாது. கார்புரேட்டரை மாத்துங்க, இல்லைனா வண்டியை மாத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க.

சாதாரண நாளா இருந்தா யோசிச்சிருப்பேன். ஆனா பதினைந்து வருஷம் தாண்டின தனியார் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும். அதுக்கான கடைசித் தேதி இரண்டு வாரத்தில் இருந்தது. புகைச் சான்றிதழ் இல்லாம அது நடக்காது. "காயலான் கடைக்குப் போட்டுடு, எதுக்கு இந்தச் செலவு?" என்றான் என் தம்பி. அம்மா ஒண்ணும் சொல்லலை. சொல்லாததுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. உத்திரமேரூர் பயணம்தான் அந்தக் கார்ல கடைசிப் பயணம்னு நினைச்சுத்தான் கிளம்பினேன்.

"ஓடும்போது நல்லா இழுக்குதா?"

உத்திரமேரூர் ஊருக்குள் நுழைந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கலை. அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகுமோன்னு பயம். டீக்கடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை. உள்ளேயிருந்து அறுபது வயதைத் தாண்டிய ஒருத்தர், கையைத் துணியில் துடைச்சுக்கிட்டே வெளியே வந்தார்.

"இன்னா தம்பி, வண்டி மூணு கால்ல நிக்குது?"

மூணு சிலிண்டர் வண்டியாச்சே, அவர் கிண்டல் பண்றாரோன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, நொண்டுதுன்னு சொல்றார். நான் என் புராணத்தை ஆரம்பிச்சேன். அவர் குறுக்கே வந்து மூணே கேள்வி கேட்டார். ஓடும்போது நல்லா இழுக்குதா? காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது அதிகமா உதறுதா, சூடானப்புறமா? கடைசியா யாராவது கை வெச்சாங்களா?

பானெட்டை இன்னும் திறக்கலை. பின்பக்கம் போய், சைலன்சர் முனைக்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டி நின்னார். புகை கையில் மோதுற தாளத்தைக் கவனிக்கிறார். ஒரு நிமிஷம் கழிச்சு, "ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு செய்யுது, செய்யலை, செய்யுது, செய்யலை"ன்னார்.

எனக்கு அப்போ ஒரு யோசனை வந்தது. போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணினேன்.

[இங்கே இன்ஜின் சத்தம், 12 விநாடி]

கேட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். படிக்கிறவங்களுக்குச் சொல்றேன்: டடட, டட், டடட, டட். நடுவில் ஒரு அடி விழாத மேளம்.

நிற்கும்போது மட்டும் ஏன்?

அவர் கேட்ட முதல் கேள்விதான் பாதி வைத்தியம். அது ஏன்னு புரியணும்னா, கார் நிக்கும்போது உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கணும்.

இந்த மாதிரி ஒரு சின்ன இன்ஜின் நின்ற இடத்தில் ஓடும்போது நிமிஷத்துக்கு ஏறத்தாழ 900 சுற்று சுத்தும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் ரெண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். மூணு சிலிண்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டா விநாடிக்கு இருபத்திரண்டு வெடிப்புக்கு மேல. இதில் ஒரு சிலிண்டர் தப்பினா மொத்த பலத்தில் மூணில் ஒரு பங்கு போச்சு. அந்தக் குலுக்கல்தான் கியர் குச்சி வரைக்கும் வருது.

ஒரு வெடிப்புக்கு மூணு விஷயம் வேணும்: சரியான நேரத்தில் தீப்பொறி, சிலிண்டருக்குள் அழுத்தம், சரியான அளவில் பெட்ரோலும் காற்றும். ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேணும். கார் வேகமா ஓடும்போது இன்ஜின் ஏராளமா காற்றை இழுக்கும். அப்போ எங்கேயாவது ஒரு சின்ன ஓட்டை வழியா கொஞ்சம் காற்று திருட்டுத்தனமா நுழைஞ்சா, அது கடலில் விட்ட சொம்புத் தண்ணி மாதிரி. கணக்கே தெரியாது. ஆனா நிக்கும்போது காற்று வர்ற வாசலை ஏறக்குறைய மூடியிருக்கோம். உள்ளே போறதே கொஞ்சம் காற்று. அதோட, வாசல் மூடியிருக்கிறதால் உள்ளே உறிஞ்சல் பலமா இருக்கும். அதே சின்ன ஓட்டை இப்போ பெரிய திருடன்.

அதனால்தான் அந்தக் கேள்வி. ஓடும்போதும் உதறினா தீப்பொறியிலோ அழுத்தத்திலோ சந்தேகம் வரணும். ஓடும்போது நல்லா இருந்து, நிக்கும்போது மட்டும் உதறினா, முதல்ல காற்று எங்கே நுழையுதுன்னு தேடணும். இன்ஜினைத் தொடாமலேயே சந்தேகப் பட்டியலைப் பாதியாக்கிட்டார். சென்னையில் ரெண்டு பட்டறையிலும் இந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேட்கலை.

தொப்பி ஊசியிலிருந்து தொடங்கின கதை

இந்தக் கலவைப் பிரச்சினை காரோட கூடவே பிறந்தது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த வண்டியில், பெட்ரோல் ஒரு தொட்டியில் கிடந்து ஆவியாகி இன்ஜினுக்குப் போகும். அளவெல்லாம் ஓட்டுகிறவர் கைப்பக்குவம். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், ரெண்டு மகன்களைக் கூட்டிக்கிட்டு, கணவரிடம் சொல்லாமலே மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியில் போனார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். சென்னையிலிருந்து உத்திரமேரூர் வர்ற தூரத்தை விடக் கொஞ்சம் அதிகம். வழியில் எரிபொருள் குழாய் அடைச்சுக்கிச்சு, தன் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தீப்பொறிக் கம்பி உரசிப்போச்சு, காலுறை கட்டுற பட்டியைச் சுத்தி மறைச்சார். எரிபொருளை ஒரு மருந்துக்கடையில் வாங்கினார். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணமே ஒரு ரிப்பேர் பயணம்தான்.

சில வருஷத்தில், 1893 வாக்கில், வில்ஹெல்ம் மைபாக் பெட்ரோலைச் சின்னத் துளை வழியாகப் பீய்ச்சிக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார். அடுத்த நூறு வருஷம் உலகம் அதில்தான் ஓடினது. காற்று குறுகலான கழுத்து வழியா வேகமா போகும்போது அங்கே அழுத்தம் குறையும், அது பெட்ரோலை மேலே உறிஞ்சும். மின்சாரம் வேண்டாம், கணினி வேண்டாம். ஆனா நிக்கும்போது காற்றின் வேகம் போதாது. அதுக்காகத் தனியா ஒரு சின்ன வழி வெச்சு, ரெண்டு ஸ்க்ரூ கொடுத்தாங்க: ஒண்ணு வேகத்துக்கு, ஒண்ணு கலவைக்கு. அந்த ரெண்டாவது ஸ்க்ரூவைத் திருகத் தெரிந்தவர்தான் மெக்கானிக்.

மதராஸுக்கு வருவோம். 1903-ல் இங்கே சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் கார் கட்டினார். நீராவி வண்டிக்கு இந்தத் தொல்லையே இல்லை. பாய்லரில் அழுத்தம் இருந்தா போதும், வண்டி நிக்கும்போது இன்ஜினும் நிக்கலாம். பெட்ரோல் ஜெயிச்சதால் நமக்கு இந்த உதறலும் சேர்ந்து வந்தது.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்போ, டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வரும் வாயுவில் பஸ்ஸை ஓட்டுற சாதனத்தைத் தயாரிச்சு விற்றது. வாயுவும் காற்றும் எவ்வளவு கலக்கணும்ங்கிறது கரியின் ஈரத்தைப் பொறுத்து மாறும். இன்ஜின் சத்தத்தைக் கவனிக்காதவன் அந்த மாதிரி வண்டியை ஓட்டவே முடியாது.

மூணே கார் இருந்த நாடு

சரி, நம்ம மெக்கானிக் அண்ணனுக்கு வருவோம். அவர் பன்னிரண்டு வயசில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டறையில் "பையனா" சேர்ந்தவர். அதாவது டீ வாங்குவது, பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவது, ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது. "எத்தினி வருஷம்ணே கழுவுனீங்க?"ன்னு கேட்டேன். "மூணு வருஷம். கழுவக் கழுவத்தான் எது எங்க இக்குதுன்னு கைக்குத் தெரியும்"னார்.

அவர் தொழில் கத்துக்கிட்ட காலத்தைப் புரிஞ்சுக்கணும். சுதந்திரத்துக்குப் பின் லைசென்ஸ் ஆட்சியில், இந்தியாவில் கார் என்றால் ஏறக்குறைய மூணு கம்பெனிதான். வடக்கே உத்தர்பாராவில் அம்பாசிடர், 1489 சிசி. பம்பாயில் ஃபியட், பிறகு பிரீமியர் பத்மினி, 1089 சிசி. மூணாவது நம்ம ஊர்க்காரன்: வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை. 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அங்கே வந்தது. மூணுமே கார்புரேட்டர் வண்டி. உள்ளுறுப்பு வருஷக்கணக்கா மாறாது. அம்பாசிடர் 2014 வரைக்கும் அதே முகத்தோட வந்துச்சு.

வாடிக்கையாளருக்கு அது சாபம். புது கார் வேணும்னா பதிவு பண்ணி வருஷக்கணக்கில் காத்திருக்கணும், வந்ததும் பழைய வடிவம். மெக்கானிக்குக்கு அது ஒரு பள்ளிக்கூடம். மூணு இன்ஜினின் சத்தத்தை மனப்பாடம் பண்ணினா ஆயுசுக்கும் போதும். புத்தகம் வேண்டாம். காதில் ஏறினது காதிலேயே இருக்கும்.

அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லணும். 1985-ல் அதே ஸ்டாண்டர்ட் ஆலை, ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் விட்டது. மேலே பிரிட்டனின் ரோவர் காரின் அழகான உடம்பு. உள்ளே 1940-களின் வான்கார்டு இன்ஜின் பரம்பரை. வாங்க ஆளில்லை, 1988-ல் உற்பத்தி நின்னுபோச்சு. நான் அன்னிக்குக் காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த இடத்தைத் தாண்டித்தான் வந்தேன். ஒண்ணும் கவனிக்கலை.

இடையில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தாச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர். அண்ணன் சொன்னார், முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டப்போ வண்டி மிஸ்ஸிங்னே நினைச்சாராம். நாலு சிலிண்டருக்குப் பழகின காது. ஒரு வாரம் அந்த ஒரே வண்டியை ஓடவிட்டுக் கேட்டாராம். அந்த மாருதிக்கான கார்புரேட்டர்களை, ஜப்பானின் மிக்குனி கூட்டுறவோடு யூகால் நிறுவனம் தயாரிச்சது. எங்கே தெரியுமா? மறைமலை நகரில். அதையும் காலையில் தாண்டித்தான் வந்தேன். என் கார் பிறந்த வீட்டு வாசல் வழியா, வியாதியோட போயிருக்கு.

ரெண்டு கறுப்பு, ஒரு வெள்ளை

அண்ணன் பானெட்டைத் திறந்து, இன்ஜினை அணைத்து, மூணு பிளக்கையும் கழட்டி, எந்த சிலிண்டரிலிருந்து வந்ததோ அதே வரிசையில் ஒரு அட்டையில் வெச்சார். வரிசை மாறக்கூடாதுன்னு என்னை அதட்டவும் செய்தார்.

பிளக் முனை ஒரு மருத்துவ அறிக்கை மாதிரி. இளம் பழுப்பா இருந்தா கலவை சரி. கறுப்புப் புகைக்கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம். வெளுத்துப்போயிருந்தா காற்று அதிகம். எண்ணெய் பிசுக்கு இருந்தா பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ஞ்சிருக்கு, பெரிய செலவு.

என் காரில் ரெண்டு பிளக் கறுப்பு, ஒண்ணு வெள்ளை.

"பாத்தியா தம்பி? கார்புரேட்டர் கெட்டிருந்தா மூணும் ஒரே கலர்ல இருக்கணும். மூணுக்கும் ஒரே வாய்தானே சோறு ஊட்டுது? ஒருத்தன் மட்டும் எப்டி இளைச்சான்? அவன் பக்கத்துல எங்கியோ காத்து பூருது. உங்க ஊர்ல எவனோ அத்தப் பாக்காம, ஸ்க்ரூவத் திருப்பி எல்லாருக்கும் பெட்ரோல ஏத்திட்டான். அதான் மீதி ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது."

புகைப் பரிசோதனையில் ஏன் தேறலைன்னும் இதில் புரிஞ்சுபோச்சு. ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வருது, ஹைட்ரோகார்பன் ஏறுது. மற்ற ரெண்டில் காற்று பத்தாம எரியுது, கார்பன் மோனாக்சைடு ஏறுது. நோயை விட்டுட்டு அறிகுறியை மட்டும் அமுக்கினா இதுதான் நடக்கும்.

பிளக்கைத் துடைத்துத் திரும்ப மாட்டி, வண்டியை ஸ்டார்ட் பண்ணினார். ஒரு முழ நீள ரப்பர் குழாயை எடுத்து, ஒரு முனையைக் காதில் வெச்சு, மறுமுனையை இன்டேக் பக்கம் ஒவ்வொரு இணைப்பா நகர்த்தினார், டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி. ஒரு இடத்தில் கை நின்னது. என்னைக் கூப்பிட்டு என் காதில் வெச்சார். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவில் மெல்லிசா, பாம்பு சீறுற மாதிரி ஒரு சத்தம்.

கார்புரேட்டருக்குக் கீழே மேனிஃபோல்டிலிருந்து போற ஒரு சின்ன ரப்பர் ஹோஸ். மேலிருந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கு. அடிப்பக்கம், மாட்டியிருக்கிற முனையில், வயசாகி வெடிச்சிருக்கு. சந்தேகம் தீர அதன் மேல் ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டார். தண்ணி வெடிப்பை அடைச்ச ஒரு நொடிக்கு உதறல் மாறினது. தண்ணியை உள்ளே இழுத்ததும் திரும்ப உதறல். சில பட்டறைகளில் இதுக்குப் பெட்ரோலைத் தெளிப்பாங்க. சூடான இன்ஜின் மேல் நீங்க அதைச் செய்யவே செய்யாதீங்க, தீப்பிடிக்கும்.

புது ஹோஸ் ஒரு துண்டு வெட்டி மாட்டினார். அப்புறம்தான் அந்தக் கலவை ஸ்க்ரூ. மெதுவா உள்ளே திருகினார், இன்ஜின் தடுமாற ஆரம்பிச்சது. கொஞ்சம் வெளியே எடுத்தார், சத்தம் ஏறி வழவழப்பா ஆச்சு. அந்த இடத்தில் நிறுத்தி, வேக ஸ்க்ரூவால் சுற்றைக் குறைத்தார். திரும்பக் கலவை, திரும்ப வேகம். மூணு தடவை. கடைசித் தடவை கண்ணை மூடிக்கிட்டார்.

[இங்கே இன்ஜின் சத்தம், 12 விநாடி]

ஒண்ணும் கேட்கலைன்னு நினைக்கிறீங்களா? ஒலியை நான் குறைக்கலை. கார் அவ்வளவு அமைதியா ஓடுது.

ஹோஸுக்கு முப்பது ரூபாய், கூலி இருநூறு.

திருகாணியிலிருந்து கணினிக்கு

இந்த வித்தை ஏன் அரிதாச்சு? ஒரு தேதியைச் சொல்லணும்னா 1999 ஏப்ரல் 29. அன்னிக்கு உச்ச நீதிமன்றம், டெல்லியின் காற்று மாசு வழக்கில், தலைநகர்ப் பகுதியில் புதுசா பதிவாகும் தனியார் கார்கள் ஜூன் மாதத்திலிருந்து யூரோ 1, 2000 ஏப்ரலிலிருந்து யூரோ 2 தரத்தில் இருக்கணும்னு உத்தரவிட்டது. கார்புரேட்டரால் அந்த அளவு துல்லியத்தைக் கொடுக்கிறது கஷ்டம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியா பெட்ரோலை அளந்து பீய்ச்சுற எம்பிஎஃப்ஐ முறைக்கு எல்லாரும் மாறினாங்க. அதுக்கு முந்தின வருஷமே, 1998-ல், இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் வடக்கில், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வந்தாச்சு. அது பிறக்கும்போதே எம்பிஎஃப்ஐ.

அந்த வண்டிகளில் அந்த ஸ்க்ரூ இல்லை. சைலன்சர் வழியில் இருக்கிற ஆக்சிஜன் சென்சார் புகையை மோந்துபார்த்து, இசியூங்கிற கணினிக்குச் சொல்லும். அது விநாடிக்குப் பல தடவை கலவையைத் திருத்தும். நான் கார்புரேட்டருக்காக அழுகிற ஆள் இல்லை. அந்த மாற்றம் வந்திருக்கலைனா நம்ம நகரங்களின் காற்று இன்னும் மோசமா இருந்திருக்கும். என் காரே அதுக்குச் சாட்சி: ஒரு சின்ன வெடிப்பு, ஆறு மாசமா சென்னைக் காற்றில் எரியாத பெட்ரோல்.

பிறகு ஸ்கேனர் வந்தது. அமெரிக்காவில் 1996-லிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் ஓபிடி 2 துளை கட்டாயம். இங்கே 2010-களின் தொடக்கத்தில் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினா கார் தன் நோயை எண்ணா சொல்லும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர் தப்புது. பி 0171 என்றால் கலவையில் காற்று அதிகம்.

இங்கேதான் கவனிக்கணும். பி 0171 என்ன சொல்லுது? "காற்று அதிகம்." எங்கிருந்து வருதுன்னு சொல்லுதா? இல்லை. வெடிச்ச ஹோஸாக இருக்கலாம், அழுக்கான காற்றளவு சென்சாராக இருக்கலாம், பெட்ரோல் பம்ப் களைச்சிருக்கலாம். எண்ணைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாத்தி பில் போடுறவங்க உண்டு. ஆனா அந்த சென்சார் உண்மையைச் சொன்ன தூதன். தூதனை மாத்தி என்ன பயன்? அண்ணன் பிளக் மூணையும் பார்த்துச் சொன்னதும் பி 0171-தான், கூடவே "யார் பக்கத்தில்"ங்கிற விடையும் இருந்தது. ஸ்கேனர் அவர் வேலையின் முதல் படியை வேகமாக்கியிருக்கு. மீதிப் படிகளை இன்னும் ஒரு மனுஷன்தான் ஏறணும்.

உங்களில் பலர் பழைய கார், பழைய பைக் வெச்சிருக்கீங்க. இப்போ பங்க்கில் கிடைக்கிற இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறதால் அதுக்குக் காற்று குறைவா போதும். எம்பிஎஃப்ஐ வண்டி தானா திருத்திக்கும். துளை அளவு மாறாத கார்புரேட்டருக்கு அது தெரியாது, அந்தப் பெட்ரோலோட காற்று அதிகமான கலவையில்தான் ஓடும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் சீக்கிரம் பதம் பார்க்கும். ஆக, நிக்கும்போது உதறுதுன்னா, பாகத்தை வாங்கறதுக்கு முன்னாடி குழாய்களைத் தடவிப் பாருங்க. இன்ஜின் ஆறின பிறகு.

கல்லில் ஏறினதும் ஏறாததும்

சாயங்காலம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். வாக்குக் கொடுத்த கல்வெட்டு அங்கேதான் இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று. ஊரை முப்பது குடும்பாகப் பிரித்து, பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லும் முறை. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் அப்படித்தான் அமைஞ்சது. பொறுப்பில் இருந்து கணக்கு காட்டாதவன் பெயர் குடத்தில் விழாது, அவன் உறவினர் பெயரும் விழாது.

எனக்கு அன்னிக்குக் கண்ணில் பட்டது அந்த ரெண்டு வருஷ இடைவெளி. 919-ல் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. 921-ல் அது முப்பத்தைந்திலிருந்து எழுபது. விதி போட்டாங்க, ஓட்டிப் பார்த்தாங்க, எங்கேயோ உதறினது, திருத்தினாங்க. திருத்தினதையும் எல்லாரும் பார்க்கிற சுவரில் வெட்டி வெச்சாங்க. அதனால்தான் ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு நாம் படிக்கிறோம்.

ஆனா அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. சொந்த நிலம் வேணும், சொந்த மனையில் வீடு வேணும், வேதக் கல்வி வேணும். ஏரி மதகைப் பூட்டின தச்சன், கலப்பைக் கொழு அடித்த கொல்லன் பெயர் அந்தக் குடத்தில் விழ வழியில்லை. அவங்களுக்குத் தெரிந்தது எதுவும் சுவரில் ஏறலை. ஏரி நிரம்பியிருந்ததே, அதுதான் அவங்க விட்டுட்டுப் போன ஆவணம்.

திரும்பும்போது பட்டறையில் நின்னேன். "அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "காதுல கேக்கறத எப்டி தம்பி எழுதுவாங்க?" கடைசியா அவரிடம் வேலை கத்துக்கிட்ட பையன் ஒரகடத்தில் கார் கம்பெனிக்குப் போயிட்டான். மாசம் பிறந்தா சம்பளம், பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு. "அவன் போனதுதான் சரி"ன்னு அவரே சொன்னார். அங்கே அவன் நாள் முழுக்க ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்யறானாம். ஒரு முழு இன்ஜின் ஓடுறதை நின்னு கேட்க அவனுக்கு நேரமில்லை.

எழுத முடியாது, சரி. பதிவு பண்ணலாமே? அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அவர் பட்டறையில் இருந்த நாலு வண்டியை ஓடவிட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன அர்த்தம்னு அவர் சொல்லச் சொல்ல நான் போனில் பிடிச்சேன். வால்வு இடைவெளி அதிகமானா எப்படி, பிளக் ஒயர் கசிஞ்சா எப்படி, காற்று பூந்தா எப்படி. அவர் அனுமதியோட இந்தப் பக்கத்திலேயே அதைப் போட்டிருக்கேன். மொத்தம் நாற்பது நிமிஷம்.

உங்க தெருமுனையிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். தையல் மிஷின் சரிபண்றவர், மிக்சி மோட்டார் சுத்துறவர், பம்ப் செட் பார்க்கிறவர். அடுத்த தடவை போகும்போது, அவர் முதல்ல என்ன கேள்வி கேட்கிறார்னு கவனிங்க. முடிஞ்சா, கேட்டுக்கிட்டு, பதிவு பண்ணுங்க.

திங்கட்கிழமை புகைப் பரிசோதனை தேறிடுச்சு. ஆர்.சி. ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. அம்மாவை முன் சீட்டில் உட்காரவெச்சு ஒரு சுற்று கூட்டிட்டுப் போனேன். சிக்னலில் நின்னப்போ அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "வண்டி ஆஃப் ஆயிடுச்சாடா?"ன்னு கேட்டாங்க.

இல்லம்மா, ஓடிட்டுதான் இருக்கு.